உறங்காத பாசறை: ஒரு போர்வீரன் கவிதையை ஆராய்வது எப்படி

போரைப் பற்றிய ஒரு கவிதையைக் கொடுத்து, "இதன் மொழியையும் கட்டமைப்பையும் ஆராய்க" என்று கேட்டால், புதிதாக எழுத வருபவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் போய் நிற்கிறார்கள்: "போரின் கொடுமையைக் கவிஞர் உருக்கமாக எடுத்துரைக்கிறார்." இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் எந்தப் போர்க் கவிதையின் அடியிலும் இதை எழுதிவிடலாம். எந்தச் சொல் நம்மை உருக்கியது, அது ஏன் அந்த இடத்தில் வந்தது, இடம் மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தொடங்கும்போதுதான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

இதைப் பொதுவாகப் பேசினால் கைக்கு எதுவும் சிக்காது. ஆகவே ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அதிலேயே வேலை செய்வோம். நான் எடுத்துக்கொள்வது முல்லைப்பாட்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடியது. 103 அடிகள், பத்துப்பாட்டில் மிகச் சிறியது. பிரிந்த கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் பாட்டு என்றே பலரும் இதை அறிவார்கள். ஆனால் அதன் நடுவே, 67-ஆம் அடியிலிருந்து 13 அடிகளில், போர்க்களத்திலிருந்து திரும்பி வந்து பாசறையில் உறங்க முடியாமல் கிடக்கும் ஒருவன் இருக்கிறான். அரசன்தான். ஆனாலும் இந்த அடிகளில் அரியணை இல்லை, அவை இல்லை. நாள் முழுவதும் கண்டதை இரவில் மறுபடி காண்கிற படைவீரனாகவே அவன் இருக்கிறான்.

மண்டமர் நசையொடு கண்படை பெறாஅது
எடுத்தெறி எஃகம் பாய்தலின் புண்கூர்ந்து
பிடிக்கணம் மறந்த வேழம் வேழத்துப்
பாம்புபதைப் பன்ன பரூஉக்கை துமியத்
தேம்பாய் கண்ணி நல்வலம் திருத்திச்
சோறுவாய்த்து ஒழிந்தோர் உள்ளியும் தோல்துமிபு
வைந்நுனைப் பகழி மூழ்கலின் செவிசாய்த்து
உண்ணாது உயங்கும் மாசிந் தித்தும்
ஒருகை பள்ளி ஒற்றி ஒருகை
முடியொடு கடகம் சேர்த்தி நெடிதுநினைந்து
பகைவர்ச் சுட்டிய படைகொள் நோன்விரல்
நகைதாழ் கண்ணி நல்வலம் திருத்தி
அரசிருந்து பனிக்கும் முரசுமுழங்கு பாசறை

முதலில் வாய்விட்டுப் படியுங்கள், பிறகு உரைநடையில் சொல்லுங்கள்

உரையைத் திறப்பதற்கு முன் மூன்று முறை சத்தமாகப் படியுங்கள். பொருள் புரியாவிட்டாலும் பரவாயில்லை. எங்கே நாக்கு தடுக்குகிறது, எங்கே மூச்சு நிற்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிகள் பின்னால் உதவும்.

அடுத்து, நயம் எதையும் சேர்க்காமல், பாட்டில் நடப்பதை மட்டும் உங்கள் சொற்களில் எழுதுங்கள். இப்படி: போர் வேட்கையால் அவனுக்கு உறக்கம் வரவில்லை. ஓங்கி எறிந்த படைக்கலம் பாய்ந்து, புண் மிகுந்து, தன் பிடிகளையே மறந்துபோன யானைகளை நினைக்கிறான். யானைகளின் பருத்த துதிக்கைகள் பாம்பு துடிப்பதுபோல வெட்டுண்டு விழும்படி போரிட்டு, வெற்றி தேடித் தந்து, உண்ட சோற்றுக்கு நன்றி செய்து மடிந்துபோன வீரர்களை நினைக்கிறான். தோற்கவசம் அறுபட்டு, கூரிய அம்புகள் மூழ்கியதால் காதைச் சாய்த்துக்கொண்டு தீனி தின்னாமல் வாடும் குதிரைகளை எண்ணுகிறான். ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, மறு கையைக் கடகம் முடியில் படும்படி தலையில் வைத்து, நெடுநேரம் நினைக்கிறான். பிறகு, பகைவரை நோக்கிப் படை எடுத்த விரல்களால் வெற்றியைத் திருத்தமாக முடிக்கிறான். பகையரசர் நடுங்க, முரசு முழங்கும் பாசறை அது.

இந்த வேலையைத் தவிர்த்துவிட்டு நேராக உவமை, மோனை என்று போகிறவர்கள் கட்டாயம் வழி தவறுவார்கள். அனுபவம் கொண்டு சொல்கிறேன். பொருளே பிடிபடாதவர் அணிக்குப் பெயர் சொல்வதில் பயனில்லை.

யார் பார்க்கிறார், எதைப் பார்க்கிறார்

இங்கே "நான்" என்று பேசும் குரல் இல்லை. புலவர் வெளியே நிற்கிறார். முதல் அடியில் உறங்காத ஓர் உடலைக் காட்டுகிறார். இரண்டாம் அடியிலேயே நாம் அவன் தலைக்குள் போய்விடுகிறோம். "அவன் இப்படி நினைத்தான்" என்ற அறிவிப்பு முன்கூட்டி வருவதில்லை. யானையும் புண்ணும் முதலில் வருகின்றன. "உள்ளியும்" என்ற சொல் ஆறாவது அடியில்தான் வருகிறது. அதுவரை நாம் களத்தில் நிற்கிறோமா பாசறையில் இருக்கிறோமா என்பது தெளிவாக இல்லை. அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவன் எதைப் பார்க்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முல்லைப்பாட்டு பிரிந்த மனைவியின் பாட்டு. ஆனால் அவன் நினைவு ஓடும் இந்த அடிகளில் மனைவியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பெண்மை என்று வருவது ஒன்றே ஒன்று: பிடிக்கணம், அதாவது பெண் யானைக் கூட்டம். அதுவும் "பிடிக்கணம் மறந்த வேழம்" என்றே வருகிறது. தன் புண்ணில் தன் துணையையே மறந்த யானையை, தன் துணையை நினைக்காத ஒருவன் நினைத்துக் கிடக்கிறான். புலவர் ஒப்புமையைச் சொல்லவில்லை, பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். கவிதையில் இல்லாததையும் சான்றாகக் காட்டலாம். ஆனால் அது இருந்திருக்க வேண்டிய இடத்தைச் சுட்டிக் காட்ட வேண்டும்.

வினைச்சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். பெயரடைகளைத் தேடாதீர்கள், வினைகளைத் தேடுங்கள். அரசன் செய்வதாக வருபவை: பெறாஅது, உள்ளியும், சிந்தித்தும், ஒற்றி, சேர்த்தி, நினைந்து, திருத்தி. பட்டியலைப் பார்த்தவுடன் ஒன்று தெரியும். எல்லாமே எச்சங்கள். ஒன்றுகூட முற்று இல்லை. 13 அடிகளாக ஒரு வாக்கியம் முடியவில்லை. புரண்டு படுக்கும் இரவைப்போல நீண்டுகொண்டே போகிறது.

சரி, எங்கே முடிகிறது? அடுத்த அடியைப் பாருங்கள்: "இன்துயில் வதியுநற் காணாள் துயருழந்து". "உறங்குகின்றவனைக் காணாதவளாய்த் துயருற்று" என்று பொருள். எச்சங்களாகவே நீண்ட அவனுடைய வாக்கியத்துக்குக் கடைசியில் கிடைப்பது "வதியுநன்" என்ற வினையாலணையும் பெயர். அந்தப் பெயரும் அடுத்த நொடியே மனைவியின் வாக்கியத்தில் செயப்படுபொருளாகிவிடுகிறது. "கண்படை பெறாஅது" என்று தொடங்கியவன் "இன்துயில்" கொள்கிறான். நடுவில் வெற்றி வந்துவிட்டது. ஆனால் அவனுக்கு உறக்கம் வந்த அதே அடியில் அவளுடைய உறங்காமை தொடங்குகிறது. இலக்கணத்தைக் கொண்டு ஒரு புலவர் இதைச் செய்ய முடியும் என்பதை முதன்முதலில் கண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

இன்னொரு வரிசையையும் அதே தாளில் எழுதுங்கள். மறந்த, உள்ளி, சிந்தித்து, நினைந்து. நான்கும் மனத்தின் வினைகள். மறப்பது யானை, மற்ற மூன்றும் மறக்க முடியாதவன் செய்பவை.

ஓர் அடியைச் சொல் சொல்லாக நிறுத்திப் படியுங்கள்

எல்லா அடிகளுக்கும் இதைச் செய்ய நேரம் இருக்காது. உங்களை மிகவும் உறுத்திய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். என்னை உறுத்துவது இது:

வேழம் வேழத்துப்
பாம்புபதைப் பன்ன பரூஉக்கை துமிய

"வேழத்து" என்று அடி முடிகிறது. யானையினுடைய எது? அடுத்த அடி "பாம்பு" என்று தொடங்குகிறது. யானையை எதிர்பார்த்த கண்ணுக்குப் பாம்பு தெரிகிறது. "பதைப்பு" என்றவுடன் அது துடிக்கிறது. "பரூஉக்கை" என்ற சொல் வந்த பிறகுதான் அது துதிக்கை என்று விளங்குகிறது. "துமிய" என்று கடைசியாகக் கேட்கும்போதுதான் அது வெட்டுண்டது, உடலை விட்டுத் தனியே கிடந்து துடிக்கிறது என்பது புரிகிறது. களத்தில் நிற்பவன் காண்பதும் இந்த வரிசையில்தான். முதலில் தரையில் ஏதோ நெளிகிறது. அது என்னவென்று பிறகுதான் உறைக்கிறது. "துதிக்கை வெட்டுண்டு பாம்புபோல் துடித்தது" என்று நாம் உரைநடையில் மாற்றிச் சொல்லும்போது அந்த அனுபவம் போய்விடுகிறது.

உவமையைப் பற்றி எழுதும்போது எதற்கு எது உவமை என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். இரண்டு கேள்விகள் கேளுங்கள். எந்தப் பண்பு பொருந்துகிறது? இந்த இடத்தில் ஏன்? பாம்புக்கும் துதிக்கைக்கும் வடிவம் பொருந்தும் என்பது எவருக்கும் தெரியும். ஆனால் நப்பூதனார் "பாம்பு அன்ன" என்று சொல்லவில்லை, "பாம்பு பதைப்பு அன்ன" என்கிறார். பொருந்துவது துடிப்பு. இந்த 13 அடிகளில் உவமை இது ஒன்றுதான். புண்பட்ட குதிரைக்கு உவமை இல்லை, மாண்ட வீரருக்கும் இல்லை.

அந்த வீரர்களைச் சொல்லும் தொடரையும் விட்டுவிடாதீர்கள்: "சோறுவாய்த்து ஒழிந்தோர்". புகழ், வீரசுவர்க்கம் எதுவும் இல்லை. சோறு. உண்ட சோற்றின் கடனைத் தீர்த்தவர்கள். யானைக்கும் குதிரைக்கும் நடுவே, இந்த ஒரு சொல்லோடு கடந்துபோகிறார்கள். அடுத்து வரும் குதிரை "உண்ணாது உயங்கும்" குதிரை. உண்டு மாண்டவர்கள், உண்ணாமல் வாடுகிற குதிரை. இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் அடி.

பிறகு இன்னொன்று. மாண்ட வீரர்களுக்கு "தேம்பாய் கண்ணி நல்வலம் திருத்தி". ஏழு அடிகள் கழித்து அரசனுக்கு "நகைதாழ் கண்ணி நல்வலம் திருத்தி". ஒரே தொடர். வெற்றியைத் திருத்தியவன் அரசன் என்று பாட்டு சொல்லும்போது, அதே சொற்களை ஏற்கெனவே பெற்றுக்கொண்டு மண்ணில் கிடப்பவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். திரும்ப வரும் தொடரைக் கண்டால் வட்டம் போடுங்கள். இரண்டாவது முறை வரும்போது யாருக்கு வருகிறது என்று பாருங்கள்.

உடலைக் கவனியுங்கள்

"ஒருகை பள்ளி ஒற்றி ஒருகை / முடியொடு கடகம் சேர்த்தி". இதைப் படித்துவிட்டு எழுந்து போய், கட்டிலில் இப்படி இருந்து பாருங்கள். ஒரு கை படுக்கையை அழுத்துகிறது, உடலின் பாரம் முழுவதும் அந்தத் தோளில் இறங்குகிறது. மறு கை தலையில். கொஞ்ச நேரத்தில் தோள் வலிக்கும். இந்த நிலையில் எவராலும் உறங்க முடியாது. எழுந்து உட்காரவும் மனம் வராது. அடியின் தொடக்கத்தில் ஒரு "ஒருகை", இறுதியில் ஒரு "ஒருகை", இரண்டுக்கும் நடுவே படுக்கை. இரண்டாவது கை என்ன செய்கிறது என்று தெரிய அடுத்த அடிக்குப் போக வேண்டும். துயரம், கவலை என்ற சொற்கள் எதுவும் இங்கே இல்லை. ஒரு மனிதன் கையை எங்கே வைத்திருக்கிறான் என்பது மட்டும் இருக்கிறது.

ஓசையைத் தொடுங்கள், ஆனால் அளவாக

முதல் அடியில் "மண்டமர்", "கண்படை" என்று முதற்சீரும் மூன்றாம் சீரும் எதுகையில் கட்டுண்டிருக்கின்றன. போரும் உறக்கமும் ஒரே ஓசையில். இறுதி அடியிலும் அதே இடங்களில் "அரசிருந்து", "முரசுமுழங்கு". பாம்பு வரும் அடியில் மூன்று சீர்கள் தொடர்ந்து பகரத்தில் தொடங்குகின்றன: பாம்பு, பன்ன, பரூஉ. வாய்விட்டுப் படித்தபோது நாக்கு தடுக்கியதாகப் பென்சிலால் குறித்த இடம் இதுவாக இருக்கலாம்.

இங்கே எச்சரிக்கை தேவை. மோனையும் எதுகையும் ஆசிரியப்பாவில் எங்கும் வரும். "பெறாஅது" என்பதில் உள்ள அளபெடை ஓசை நிறைக்க வந்தது. அதை வைத்துக்கொண்டு "உறக்கமின்மையின் நீளத்தைக் காட்டவே புலவர் நீட்டினார்" என்று அடித்துச் சொல்லக் கூடாது. "படிக்கும்போது அந்த நீட்சி உறங்காத இரவோடு பொருந்திக் கேட்கிறது" என்று சொல்லலாம். இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு பெரிது.

பகுதியை விட்டு வெளியே வந்து முழுப் பாட்டையும் பாருங்கள்

கட்டமைப்பு என்றால் அடிகளின் எண்ணிக்கையும் பாவகையும் மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அவற்றை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். எது எதன் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதே கட்டமைப்பு.

பாசறைக்கு அடுத்து வருபவள் மனைவி. அவளைப் பற்றிய அடிகள்:

நீடுநினைந்து தேற்றியும் ஓடுவளை திருத்தியும்
மையல் கொண்டும் ஒய்யென உயிர்த்தும்
ஏவுறு மஞ்ஞையின் நடுங்கி இழைநெகிழ்ந்து

முன்னே பார்த்த பகுதியை இடப்பக்கமும் இதை வலப்பக்கமும் எழுதிக் கோடு போட்டு இணையுங்கள். அவன் "நெடிதுநினைந்து", அவள் "நீடுநினைந்து". அவனுக்கு "உள்ளியும், சிந்தித்தும்". அவளுக்கு "தேற்றியும், திருத்தியும், கொண்டும், உயிர்த்தும்". அவன் வெற்றியைத் திருத்துகிறான், அவள் கழன்றோடும் வளையைத் திருத்துகிறாள். அங்கே பகையரசர் பனிக்கிறார்கள். இங்கே நடுங்குபவள் அவன் மனைவி. அங்கே குதிரையின் உடலில் அம்பு மூழ்கியது. இங்கே அவளே அம்பு தைத்த மயில். மாளிகைக்குள் எந்தப் போரும் நடக்கவில்லை. ஆனால் போர்க்களத்தின் சொற்கள் மாளிகைக்குள் வந்துவிட்டன. என்னைக் கேட்டால் முல்லைப்பாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

இனி முடிவு. மழைநீர் கூரையிலிருந்து விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள். அப்போது "அஞ்செவி நிறைய ஆலின": அவள் செவி நிறைய ஆரவாரித்தன. எவை? பாட்டு சொல்லவில்லை. படை வருகிறது, கொடி உயர்கிறது, கொம்பும் சங்கும் ஒலிக்கின்றன, வழியில் பூக்கள் மலர்கின்றன, மான்கள் துள்ளுகின்றன. 14 அடிகள் கழித்து, 103-ஆம் அடியின் கடைசிச் சொல்லாக விடை வருகிறது: "வினைவிளங்கு நெடுந்தேர் பூண்ட மாவே." குதிரைகள். ஓசை முதலில் கேட்கிறது, அதை எழுப்பியது எது என்பது கடைசியில் தெரிகிறது. வீட்டுக்குள் கிடப்பவளுக்கு அப்படித்தானே தெரிய முடியும். அந்த "மா" என்ற சொல்லை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். அம்பு தைத்து, செவிசாய்த்து, உண்ணாது கிடந்த மா. அங்கே குதிரையின் செவி சாய்ந்தது; இங்கே அவள் செவி நிறைந்தது.

வழியில் மலர்ந்த பூக்களில் ஒன்றையும் பாருங்கள்: "தோடார் தோன்றி குருதி பூப்ப". செங்காந்தள் குருதியாகப் பூக்கிறது. வெற்றியோடு வீடு திரும்பும் பாதையில், கார்காலத்து அழகின் நடுவே, புலவர் இந்தச் சொல்லை விட்டு வைத்திருக்கிறார். பூவின் நிறத்துக்காக மட்டும் வந்தது என்றும் வாதிடலாம். பாசறையைக் கடந்து வந்த வாசகருக்கு அது அப்படி மட்டும் கேட்காது.

உரையை எப்போது திறப்பது

இவ்வளவும் செய்த பிறகு, பத்துப்பாட்டுக்கு உரை எழுதிய பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் உரையைப் படியுங்கள். சொற்பொருளுக்கு அவரைப்போல் துணை கிடைக்காது. ஆனால் அவர் பொருள் தொடர்புக்காக அடிகளை இடம் மாற்றி இணைத்து உரை சொல்பவர். மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் இதை ஏற்கவில்லை. பாட்டு கிடக்கும் வரிசையிலேயே பொருள் காண வேண்டும் என்றார். கட்டமைப்பை ஆராய்பவர்கள் இந்த ஒன்றில் மறைமலையடிகள் பக்கம் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. வரிசையை மாற்றினால் "ஆலின" என்பதற்கும் "மாவே" என்பதற்கும் நடுவே உள்ள அந்தக் காத்திருப்பு காணாமல் போய்விடும்.

எழுதும்போது

ஒரு பத்திக்கு ஒரு கருத்து, அதற்கு ஒரு மேற்கோள், அந்த மேற்கோளில் ஒரு சொல். "யானையின் துதிக்கை வெட்டப்பட்டதை உவமையின் மூலம் புலவர் சிறப்பாகக் காட்டுகிறார்" என்பது பலவீனமான வாக்கியம். "சிறப்பாக" என்ற சொல்லுக்குப் பதிலாகக் காரணம் வர வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்: "'பாம்புபதைப் பன்ன' என்ற உவமை, உவமிக்கப்படும் பொருளுக்கு முன்னால் வருகிறது. துடிப்பை முதலில் பார்த்து, துடிப்பது எது என்பதைப் பின்னால் அறிகிறோம். உறங்காதவனின் நினைவில் அந்தக் காட்சி விளக்கமின்றித் திரும்பி வருவதை இந்த வரிசை உணர்த்துகிறது."

வேறு கவிதைக்குப் போகும்போதும், அது இன்றைய புதுக்கவிதையாகவே இருந்தாலும், இந்த வேலைகள் மாறாது. எதுகைக்குப் பதிலாக அடி எங்கே முறிகிறது என்று பார்ப்பீர்கள், அவ்வளவுதான். தொடங்குவதற்கு ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, வினைச்சொற்களை மட்டும் இடப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கத்தைக் காலியாக விட்டு வையுங்கள்.